கடன் அட்டைப் பயணப் புள்ளிகள்: விலையும் மதிப்பும்

முன்னுரை

பண்டத்துக்குப் பண்டம் மாற்றிய காலம் போய்ப் பொற்காசு வந்தது. பொற்காசுக்குப் பின் தாள் பணம் வந்தது. தாளின் இடத்தை இன்று உள்ளங்கையில் அடங்கும் அட்டை பிடித்து வருகிறது. ரிசர்வ் வங்கியின் கணக்குப்படி, இந்தியாவில் புழக்கத்திலுள்ள கடன் அட்டைகளின் எண்ணிக்கை 2024-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் பத்துக் கோடியைக் கடந்தது. கல்லூரிப் படிப்பை முடித்து முதல் ஊதியம் பெறும் இளைஞரை வங்கிகள் நாடி வருகின்றன. "எங்கள் அட்டையால் செலவு செய்யுங்கள், புள்ளிகள் சேரும், அவற்றைக் கொண்டு விமானத்தில் இலவசமாகப் பயணம் செய்யலாம்" என்பதே அவை விடுக்கும் அழைப்புகளுள் முதன்மையானது.

இவ்வழைப்பு முற்றிலும் பொய்யன்று. புள்ளிகளைக் கொண்டு கடல் கடந்து சென்று வந்தோர் பலர் உளர். ஆயினும் அது முற்றிலும் மெய்யும் அன்று. ஒரு புள்ளியின் உண்மையான மதிப்பு யாது, அம்மதிப்பை எவ்வாறு கணக்கிடுவது, அதற்காக நாம் இழப்பது எவ்வளவு, நமக்காகப் பிறர் இழப்பது எவ்வளவு என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொற்பொருள் விளக்கம்

'விலை' என்னும் சொல் 'வில்' என்னும் வினையடியாகப் பிறந்தது. விற்பவன் சொல்லுவது விலை. 'மதிப்பு' என்னும் சொல் 'மதி' என்னும் வினையடியாகப் பிறந்தது. அளவிடுதல், கருதுதல் என்பன அவ்வினையின் பொருள்கள். ஒரு பொருளைப் பெறுவோன் தன் அறிவால் அளந்து காண்பது மதிப்பு. பேச்சுவழக்கில் இவ்விரு சொற்களையும் ஒன்றாகவே வழங்குகிறோம். பயணப் புள்ளிகளைப் பொறுத்தவரை இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை அறிதலே முதற்பாடம் எனலாம். வங்கியின் விளம்பரம் கூறுவது விலை. பயணி தாமே அளந்து காணவேண்டியது மதிப்பு.

தோற்றமும் வளர்ச்சியும்

பயணப் புள்ளி முறை அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தோன்றியது. அந்நாட்டில் விமானக் கட்டணங்களை அரசே வரையறுத்துவந்த நிலையை 1978-ஆம் ஆண்டுச் சட்டம் மாற்றியது. கட்டணப் போட்டி மூண்டது. ஒரே வழித்தடத்தில் பல நிறுவனங்கள் பறந்தமையால், பயணியைத் தம்மிடமே நிறுத்திக்கொள்ள வழி தேட வேண்டியதாயிற்று. 1981-ஆம் ஆண்டு மே முதல் நாளில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 'ஏ-அட்வாண்டேஜ்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. பறந்த தொலைவை மைல் கணக்கில் எழுதிவைத்து, குறிப்பிட்ட அளவு சேர்ந்ததும் இலவசப் பயணச்சீட்டு வழங்குவது அத்திட்டம். சில நாள்களிலேயே யுனைடெட் நிறுவனமும் அதனைப் பின்பற்றியது.

தொடக்கத்தில் பறந்தவருக்கே மைல் கிடைத்தது. 1987-ஆம் ஆண்டில் சிட்டி வங்கி, அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனத்துடன் இணைந்து கடன் அட்டை ஒன்றை வெளியிட்டது. அதன்பின் மளிகை வாங்கினாலும், மருந்து வாங்கினாலும் மைல் சேரும் நிலை உருவாயிற்று. 1991-ஆம் ஆண்டில் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனம், ஒரே விமான நிறுவனத்தோடு கட்டுப்படாமல் பல நிறுவனங்களுக்கு மாற்றிக்கொள்ளத்தக்க புள்ளித் திட்டத்தைத் தொடங்கியது. விமானத்தில் ஒருமுறையேனும் ஏறாதவரும் மைல்களின் உடைமையாளர் ஆனார்.

இம்மாற்றத்தால் விமான நிறுவனங்களின் தொழிலே மாறியது. அவை மைல்களை வங்கிகளுக்குப் பணத்துக்கு விற்கின்றன. வங்கிகள் அவற்றைத் தம் வாடிக்கையாளர்களுக்கு வழங்குகின்றன. டெல்ட்டா விமான நிறுவனம் 2023-ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனத்திடமிருந்து ஏறத்தாழ 680 கோடி டாலர் பெற்றது. 2020-ஆம் ஆண்டில் பெருந்தொற்றால் விமானங்கள் தரையில் நின்றபோது, யுனைடெட் நிறுவனம் தன் மைல் திட்டத்தையே அடமானமாக வைத்துக் கடன் திரட்டியது. அப்போது அத்திட்டத்துக்கு இடப்பட்ட மதிப்பு ஏறத்தாழ 2,200 கோடி டாலர். அந்நாளில் அந்நிறுவனப் பங்குகள் அனைத்தின் சந்தை மதிப்பு அதைவிடக் குறைவு. விமானங்களைவிட மைல்களே மதிப்புடையவையாகத் தோன்றிய விந்தை இது.

நாணயம் வாங்கிய கதை

புள்ளிகளின் மீது மக்கள் கொண்ட வேட்கைக்கு ஒரு நிகழ்ச்சியைச் சான்றாகக் காட்டலாம். அமெரிக்க அரசின் நாணயச்சாலை, ஒரு டாலர் நாணயங்களைப் புழக்கத்தில் பரப்புவதற்காக 2008-ஆம் ஆண்டில் ஒரு திட்டம் வகுத்தது. நாணயத்தின் முகமதிப்பை மட்டும் செலுத்தினால் போதும். அஞ்சற் செலவின்றி வீட்டுக்கே நாணயங்கள் வந்துசேரும். கடன் அட்டையாலும் பணம் செலுத்தலாம். சிலர் ஆயிரக்கணக்கில் நாணயங்களை அட்டையால் வாங்கினர். பெட்டியைப் பிரித்து நேரே வங்கிக்குக் கொண்டுசென்று செலுத்தினர். அப்பணத்தைக் கொண்டே அட்டைக் கடனையும் அடைத்தனர். அவர்களுக்குச் செலவு இல்லை. மைல்களோ மலைபோல் குவிந்தன. நாணயங்கள் மட்டும் மக்களிடையே புழங்கவேயில்லை. இதனை உணர்ந்த நாணயச்சாலை, 2011-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அத்திட்டத்தில் கடன் அட்டையை ஏற்பதை நிறுத்தியது.

இக்கதையில் நகைப்புக்கு இடமுண்டு, சிந்தனைக்கும் இடமுண்டு. அந்நாணயங்களை அச்சிட்டு அனுப்பிய செலவு அரசைச் சார்ந்தது. அட்டைக் கட்டணமும் அரசின் தலையிலேயே விழுந்தது. ஒருவருக்கு இலவசமாகக் கிடைத்த மைலுக்கு மற்றொருவர் விலை கொடுத்திருக்கிறார் என்பது இங்கே தெளிவாகிறது.

வெகுமதி எங்கிருந்து வருகிறது?

கடையில் நூறு ரூபாய்க்குப் பொருள் வாங்கி அட்டையை நீட்டுகிறோம். வணிகரின் கணக்கில் நூறு ரூபாய் முழுமையாகச் சேர்வதில்லை. ஒரு சிறு பகுதி, பெரும்பாலும் இரண்டு ரூபாய் அளவில், கட்டணமாகப் பிடிக்கப்படுகிறது. அதில் பெரும்பங்கு அட்டை வழங்கிய வங்கியைச் சேர்கிறது. அப்பங்கிலிருந்து ஒரு பகுதியே புள்ளியாக நம்மிடம் திரும்புகிறது. கடனைக் குறித்த காலத்தில் கட்டாதோர் செலுத்தும் வட்டியும், ஆண்டுக் கட்டணமும் வெகுமதியின் பிற ஊற்றுகளாகும்.

வணிகர் கட்டணமே முதன்மை ஊற்று என்பதற்குப் பிற நாடுகளின் பட்டறிவு சான்றாகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2015-ஆம் ஆண்டில் கடன் அட்டை வழங்கும் வங்கி பெறும் கட்டணத்துக்கு 0.3 விழுக்காடு என உச்சவரம்பு விதித்தது. அங்கே அமெரிக்காவில் உள்ளதுபோன்ற வளமான பயணப் புள்ளிகளைக் காண்டல் அரிது. ஆஸ்திரேலியாவில் 2003-ஆம் ஆண்டில் இக்கட்டணம் குறைக்கப்பட்டதும் புள்ளிகளின் அளவும் குறைந்தது. அமெரிக்காவிலேயே 2011-ஆம் ஆண்டில் பற்று அட்டைக் கட்டணத்துக்கு வரம்பு வந்தபோது, பெரிய வங்கிகள் பல தம் பற்று அட்டைகளுக்கான வெகுமதிகளை நிறுத்திவிட்டன. ஊற்று அடைபட்டதும் வாய்க்கால் வறண்டது.

வணிகர் இக்கட்டணத்தைத் தம் கைப்பொருளிலிருந்தே கொடுப்பதில்லை. பொருளின் விலையில் சேர்த்துவிடுகிறார். அட்டையால் வாங்குவோருக்கும் ரொக்கத்தால் வாங்குவோருக்கும் விலை ஒன்றே. ஆகவே கூடுதல் விலையை இருவரும் கொடுக்கின்றனர். புள்ளியை ஒருவர் மட்டும் பெறுகிறார். பாஸ்டன் நகர ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் ஆய்வாளர்கள் 2010-ஆம் ஆண்டில் இதனைக் கணக்கிட்டு வெளியிட்டனர். ரொக்கத்தால் வாங்கும் ஓர் அமெரிக்கக் குடும்பம் ஆண்டுக்குச் சராசரியாக 149 டாலரை அட்டைக் குடும்பங்களுக்கு அளிக்கிறது. அட்டையால் வாங்கும் ஒரு குடும்பம் 1,133 டாலரைப் பெறுகிறது என்பது அவர்தம் மதிப்பீடு. வருவாய் அடிப்படையில் பார்த்தால், ஆண்டு வருவாய் 20,000 டாலருக்கு மேற்படாத குடும்பம் 21 டாலரை இழக்கிறது. 1,50,000 டாலரும் அதற்கு மேலும் உடைய குடும்பம் 750 டாலரைப் பெறுகிறது. இல்லாதவரிடமிருந்து உள்ளவரை நோக்கிப் பணம் நகர்கிறது என்பது இதனால் பெறப்படும். இலவசப் பயணம் என்னும் சொல்லை ஆளும்போது இவ்வுண்மையை நினைவில் இருத்துதல் வேண்டும்.

மதிப்பைக் கணக்கிடும் முறை

இனி, ஒரு புள்ளியின் மதிப்பைக் காணும் முறையைப் பார்ப்போம். கீழ்வரும் தொகைகள் யாவும் விளக்கத்துக்காக மேற்கொண்ட எடுத்துக்காட்டுகளே. முறையை அறிந்தபின் அவரவர் தத்தம் அட்டைக்குரிய எண்களை இட்டுக் கணக்கிடலாம்.

முதற்படி வகுத்தல். சென்னையிலிருந்து துபாய்க்குச் செல்லும் பயணச்சீட்டு ஒன்றின் விலை 18,000 ரூபாய் எனக் கொள்வோம். அதே இருக்கையைப் புள்ளிகளால் பெறின் 24,000 புள்ளிகளும், வரி முதலியவற்றுக்காக 3,600 ரூபாயும் தரவேண்டும். புள்ளிகளால் பெறும் சீட்டும் முழு இலவசமன்று என்பதை இங்கே கவனிக்க வேண்டும். 18,000-இலிருந்து 3,600-ஐக் கழித்தால் மிச்சம் 14,400. இதனை 24,000-ஆல் வகுத்தால் ஒரு புள்ளிக்கு 60 காசு கிடைக்கிறது. அதே 24,000 புள்ளிகளை வங்கியின் பரிசுப் பட்டியலில் கொடுத்து, கடைத்தெருவில் 6,000 ரூபாய்க்குக் கிடைக்கும் மின்னடுப்பு ஒன்றைப் பெறின், ஒரு புள்ளியின் மதிப்பு 25 காசே. புள்ளி ஒன்றே, அது செல்லும் வழிக்கேற்ப மதிப்பு மாறுகிறது. பொதுவாக, பரிசுப் பொருள் குறைந்த மதிப்பையும், வங்கியின் வழியாக எடுக்கும் பயணச்சீட்டு இடைப்பட்ட மதிப்பையும், விமான நிறுவனத் திட்டத்துக்கு மாற்றிப் பயன்படுத்துதல் உயர்ந்த மதிப்பையும் தரக் காணலாம். ஆனால் ஒருமுறை விமான நிறுவனத்துக்கு மாற்றிய புள்ளிகள் பெரும்பாலும் வங்கிக்குத் திரும்புவதில்லை. எனவே இருக்கை உண்டா என உறுதிசெய்த பின்னரே மாற்றுதல் அறிவுடைமை.

இரண்டாம் படி தன்னைத் தானே வினவுதல். இதுவே பலரும் தவறும் இடமாகும். சென்னையிலிருந்து லண்டனுக்குச் செல்லும் உயர்வகுப்பு இருக்கையின் விலை 1,80,000 ரூபாய் எனவும், புள்ளிகளால் பெறின் 90,000 புள்ளிகளும் 25,000 ரூபாய் வரியும் எனவும் கொள்வோம். முதற்படியின்படி கணக்கிட்டால் ஒரு புள்ளிக்கு 1 ரூபாய் 72 காசு. துபாய்ச் சீட்டைவிட ஏறத்தாழ மும்மடங்கு! ஆனால் அப்பயணி தம் கைப்பணத்தைக் கொடுத்து அவ்விருக்கையை வாங்குவாரா? பிள்ளையின் படிப்புச் செலவையும் வீட்டு வாடகையையும் எண்ணிப் பார்க்கும் அவர், அவ்விருக்கைக்கு 70,000 ரூபாய்க்கு மேல் கொடுக்க மனம் ஒப்பார் எனில், அவரைப் பொறுத்தவரை அதன் மதிப்பு 70,000 ரூபாயே. 70,000-இலிருந்து 25,000-ஐக் கழித்து 90,000-ஆல் வகுத்தால் ஒரு புள்ளிக்கு 50 காசு. துபாய்ச் சீட்டின் 60 காசைவிடக் குறைவு. விமான நிறுவனம் எழுதிய விலையை நம் ஆதாயமாகக் கருதுதல், ஒருபோதும் வாங்க எண்ணாத பட்டுப்புடவையைத் தள்ளுபடியில் வாங்கிவிட்டு, தள்ளுபடித் தொகையைச் சேமிப்பு என்று சொல்வதை ஒக்கும்.

மூன்றாம் படி கழித்தல். மாதம் 30,000 ரூபாயை அட்டையால் செலவிடும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆண்டுச் செலவு 3,60,000 ரூபாய். நூறு ரூபாய்க்கு இரண்டு புள்ளி எனில், ஆண்டுக்கு 7,200 புள்ளிகள். ஒன்று 60 காசு வீதம் 4,320 ரூபாய். ஆண்டுக் கட்டணம் 2,500 ரூபாயும், அதன்மீது 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி 450 ரூபாயும் ஆக 2,950 ரூபாயைக் கழித்தால், அவர் உண்மையாகப் பெற்றது 1,370 ரூபாய் மட்டுமே. ஆண்டுக் கட்டணம் இல்லாமல், செலவில் ஒரு விழுக்காட்டைப் பணமாகவே திருப்பித்தரும் எளிய அட்டை ஒன்றை அவர் வைத்திருந்தால் 3,600 ரூபாய் கிடைத்திருக்கும். பயண அட்டையின் பகட்டுக்காக அவர் 2,230 ரூபாயை விட்டுக்கொடுத்திருக்கிறார்.

மேலும், திருப்பித்தரும் பணத்தை எங்கும் செலவிடலாம், காத்திருக்கவேண்டியதில்லை, அதற்கு இருக்கை உண்டா எனத் தேடவேண்டியதும் இல்லை. ஆகவே பயணப் புள்ளியை மதிப்பிடும்போது எப்போதும் பணத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். ஆண்டுதோறும் வெளிநாடு செல்வோர், தாமே பணம் கொடுத்து வாங்கும் சீட்டுகளுக்குப் புள்ளிகளைப் பயன்படுத்துவோர், பெருந்தொகையைத் தொழிலின் பொருட்டு அட்டையால் செலவிட்டு உரிய நாளில் அடைப்போர் ஆகியோருக்குப் பயண அட்டை நன்மை தரலாம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை விமானம் ஏறுவோருக்கு அது பொருந்துவது அரிது.

வட்டி என்னும் பெருஞ்செலவு

மேற்கண்ட கணக்கில் ஒரு செய்தியை இதுகாறும் சேர்க்கவில்லை. அவர் மாதந்தோறும் முழுத்தொகையையும் உரிய நாளில் கட்டினார் என்று கொண்டோம். ஒரே ஒரு மாதம் 30,000 ரூபாயைக் கட்டாமல் அடுத்த மாதத்துக்குத் தள்ளினார் எனில் என்ன ஆகும்? இந்தியாவில் கடன் அட்டை வட்டி பெரும்பாலும் மாதத்துக்கு மூன்று விழுக்காட்டுக்கு மேற்பட்டதாகவே உள்ளது. மூன்றரை விழுக்காடு எனக் கொண்டால் வட்டி 1,050 ரூபாய். அதன்மீது வரி 189 ரூபாய். ஆக 1,239 ரூபாய். ஆண்டு முழுவதும் முயன்று சேர்த்த 1,370 ரூபாயில் எஞ்சுவது 131 ரூபாய். இரண்டாம் மாதமும் தள்ளினால் முதலுக்கே மோசம்.

பாக்கி நிற்கும்போது புதிதாக வாங்கும் பொருள்களுக்கும் வட்டியில்லாக் காலம் கிடைக்காது என்பதைப் பலர் அறியார். அறிக்கையில் 'குறைந்தபட்சத் தொகை' எனக் காட்டப்படுவது கடனை அடைக்கும் வழியன்று. அது தாமதக் கட்டணத்தைத் தவிர்க்க உதவும். வட்டியைத் தவிர்க்க உதவாது. பிற எந்தக் கணக்கையும் மறந்தாலும் இதனை மறத்தல் ஆகாது. கடனை முழுமையாகக் கட்ட இயலாதவருக்குப் புள்ளியின் மதிப்பு சுழியத்துக்கும் கீழே என்பதே முடிந்த முடிபு.

கண்ணுக்குப் புலப்படாச் செலவு

வட்டி அறிக்கையில் அச்சாகி வருகிறது. அச்சாகாத செலவு ஒன்றும் உண்டு. கையிலிருந்து தாள் பணத்தை எண்ணிக் கொடுக்கும்போது மனத்தில் ஒரு தயக்கம் எழுகிறது. அட்டையை நீட்டும்போது அத்தயக்கம் எழுவதில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர்கள் இருவர் 2001-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்றாகும். கூடைப்பந்துப் போட்டிக்கான நுழைவுச்சீட்டை மாணவரிடையே ஏலம் விட்டனர். ரொக்கமாகக் கட்டவேண்டும் என்று சொல்லப்பட்டோரைவிட, அட்டையால் கட்டலாம் என்று சொல்லப்பட்டோர் ஏறத்தாழ இருமடங்கு தொகை கேட்டனர்.

"இன்னும் 10,000 ரூபாய் செலவு செய்தால் கூடுதல் புள்ளிகள்" என்னும் அறிவிப்பு வரும்போது இம்மனநிலை மேலும் வலுக்கிறது. தேவையற்ற பொருளை 10,000 ரூபாய்க்கு வாங்கினால் மேற்கண்ட கணக்கின்படி கிடைப்பவை 200 புள்ளிகள். அதாவது 120 ரூபாய். அறிவிப்பில் கண்ட கூடுதல் புள்ளிகளை அதன் பத்து மடங்காகக் கொண்டாலும் 1,200 ரூபாய் மட்டுமே. 10,000 ரூபாயை இழந்து 1,200 ரூபாயைப் பெறுவதை ஆதாயம் என்று எவரும் கூறார். பயணப் புள்ளிக்காகச் செலவு செய்தல் வேறு. செய்யவேண்டிய செலவில் புள்ளி பெறுதல் வேறு.

வரவு செலவு பற்றிய கருத்துகளை வள்ளுவர், வலியறிதல் என்னும் அதிகாரத்தின் இறுதிப் பகுதியில் வைத்துள்ளமை இங்கே எண்ணத்தக்கது. பொருளின் அளவை அறிந்து செலவிடுதலையும் ஒருவனது வலிமையை அறிதலின் பாற்படுத்தினார் அவர். அட்டையில் வங்கி அச்சிட்டுத் தரும் கடன் வரம்பு நம் வலிமையின் அளவாகாது.

புள்ளி யாருடைய உடைமை?

வங்கிக் கணக்கிலுள்ள பணம் நம்முடையது. அட்டைக் கணக்கிலுள்ள புள்ளி நம்முடையதா? திட்டங்களின் விதிமுறைகளைப் படித்தால், புள்ளிகள் உறுப்பினரின் சொத்தாகா எனவும், விதிகளை நிறுவனம் மாற்றிக்கொள்ளலாம் எனவும் எழுதப்பட்டிருப்பதைக் காணலாம்.

இது வழக்குமன்றம் வரை சென்ற செய்தியாகும். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1988-ஆம் ஆண்டில் தன் விதிகளை மாற்றி, ஏற்கெனவே சேர்த்த மைல்களின் பயனைக் குறைத்தது என உறுப்பினர்கள் வழக்குத் தொடுத்தனர். ஒப்பந்தத்தை மீறியதாக வழக்காடும் உரிமை அவர்களுக்கு உண்டு என 1995-ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் 2014-ஆம் ஆண்டில், நார்த்வெஸ்ட் நிறுவனம் தம்மைத் திட்டத்திலிருந்து நீக்கியதை எதிர்த்து ஓர் உறுப்பினர் தொடுத்த வழக்கில் அதே நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கமே நின்றது. நிறுவனம் நல்லெண்ணத்தோடு நடந்துகொள்ளவில்லை என்னும் அவரது வாதம், விமானத்துறைச் சட்டத்தின் முன் நிற்காது என்பது தீர்ப்பு. ஆக, எழுதப்பட்ட விதியே எல்லை. அவ்விதியை எழுதுவது நிறுவனம்.

மதிப்புக் குறைப்பு வழக்குமன்றம் செல்லாமலும் நிகழ்கிறது. எந்த ஊருக்கு எத்தனை மைல் என்னும் பட்டியலை விமான நிறுவனங்கள் முன்பு வெளியிட்டன. டெல்ட்டா 2015-ஆம் ஆண்டிலும், யுனைடெட் 2019-ஆம் ஆண்டிலும் தம் விமானங்களுக்கான அப்பட்டியலை விலக்கிக்கொண்டன. அதன்பின் நாளுக்கு ஒரு விலை என்னும் நிலை வந்தது. பட்டியல் இருந்தவரை, விலையேற்றத்தை உறுப்பினர் கண்டுகொள்ள முடிந்தது. பட்டியல் போனபின் அதுவும் அரிதாயிற்று.

நம் நாட்டின் பட்டறிவும் இதனையே உணர்த்துகிறது. கிங்ஃபிஷர் நிறுவனம் 2012-ஆம் ஆண்டு அக்டோபரில் பறப்பதை நிறுத்தியபோது, அதன் திட்டத்தில் சேர்த்த புள்ளிகளைக் கொண்டு அவ்விமானத்தில் ஏறும் வாய்ப்பும் நின்றது. ஜெட் ஏர்வேஸ் 2019-ஆம் ஆண்டு ஏப்ரலில் நின்றது. அதன் மைல் திட்டம் தனி நிறுவனமாக இருந்தமையால் அழியாமல் வேறு பெயரில் தொடர்ந்தது. ஆயினும் எவ்விமானத்தில் பறக்க எண்ணி மைல் சேர்த்தனரோ அவ்விமானம் இல்லை. விஸ்தாரா 2024-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் ஏர் இந்தியாவுடன் இணைந்தபோது உறுப்பினரின் புள்ளிகள் ஏர் இந்தியாவின் திட்டத்துக்கு மாற்றப்பட்டன. இம்மூன்று நிகழ்ச்சிகளிலும் முடிவு வெவ்வேறாயினும் ஒன்று பொது: முடிவெடுத்தவர் புள்ளி சேர்த்தவர் அல்லர்.

வங்கியில் இட்ட பணத்துக்கு வட்டியேனும் வளரும். சேர்த்துவைத்த புள்ளி வளர்வதில்லை. காலம் செல்லச் செல்லத் தேய்கிறது. சில திட்டங்களில் குறித்த காலத்துக்குப் பின் காலாவதியும் ஆகிறது. ஓய்வுக்காலத்தில் உலகம் சுற்றலாம் என்று பத்தாண்டுகள் புள்ளிகளைப் பூட்டி வைத்தல், பனிக்கட்டியைப் பானையில் சேமிப்பதைப் போன்றதாகும்.

கைக்கொள்ளத்தக்க நெறிகள்

இதுகாறும் ஆராய்ந்தவற்றிலிருந்து, புதிதாக ஊதியம் பெறும் இளைஞர் கைக்கொள்ளத்தக்க நெறிகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

1. மாத அறிக்கையின் முழுத்தொகையையும் உரிய நாளில் கட்ட முடியுமா என்பதே முதல் வினா. முடியாதெனில் எவ்வகைப் புள்ளி அட்டையும் வேண்டா.

2. அட்டை பெறுவதற்கு முன், தம் ஓராண்டு இயல்பான செலவை எழுதி, அதற்குக் கிடைக்கும் புள்ளிகளைக் கணக்கிட்டு, ஆண்டுக் கட்டணத்தையும் வரியையும் கழித்துப் பார்த்தல் வேண்டும்.

3. எஞ்சும் தொகையை, கட்டணமின்றிப் பணம் திருப்பித்தரும் அட்டையோடு ஒப்பிட வேண்டும்.

4. புள்ளியைச் செலவிடுமுன், அதே சீட்டைப் பணம் கொடுத்து வாங்குவோமா, வாங்கின் எவ்வளவு கொடுப்போம் என வினவி, வரியைக் கழித்து வகுத்தல் வேண்டும்.

5. இலக்கை எட்டுவதற்காகத் தேவையற்ற பொருளை வாங்குதல் கூடாது.

6. செல்லவேண்டிய பயணம் ஒன்றை முன்னிட்டுச் சேர்த்து, சேர்ந்தவுடன் பயன்படுத்திவிடுதல் நலம்.

7. வாடகை, எரிபொருள், அரசுக் கட்டணம் முதலியவற்றுக்குப் புள்ளி கிடைக்குமா, கூடுதல் கட்டணம் உண்டா என்பதை விதிமுறையில் பார்த்துக்கொள்ளுதல் வேண்டும். இவ்விதிகள் அடிக்கடி மாறுவன.

முடிவுரை

பயணப் புள்ளி என்பது விமான நிறுவனம் வங்கிக்கு விற்று, வங்கி நமக்குத் தரும் ஒரு வாக்குறுதி. அதன் மதிப்பு அட்டையில் எழுதப்பட்டிருப்பதில்லை. எப்படியும் செல்லவேண்டிய பயணம், எப்படியும் செய்யவேண்டிய செலவு, உரிய நாளில் அடைக்கப்பட்ட கடன் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்தவரிடம் அது மதிப்புப் பெறுகிறது. இவற்றுள் ஒன்று குறையினும் அது சுமையாக மாறுகிறது. அவ்வாறு மதிப்புப் பெறும் இடத்தும், அதன் விலையில் ஒரு பகுதியை அட்டையே இல்லாத எளியவர் ஒருவர் கடையில் ரொக்கமாகக் கொடுத்திருக்கிறார் என்பதை மறத்தலாகாது.

வகுத்தல், கழித்தல் ஆகிய இரண்டும் தொடக்கப்பள்ளியில் கற்றவை. வங்கியின் அழைப்பு வந்த நாளில், ஒரு தாளை எடுத்து அவ்விரண்டையும் செய்துபார்க்கும் பொறுமை இருந்தால் போதும். விற்பவர் சொல்லும் விலையைக் கேட்டு மயங்காமல், மதிப்பை நாமே அளந்தறியும் ஆற்றல் கைவரும். கற்ற கல்வியின் பயன் அன்றாட வாழ்வில் வெளிப்படும் இடங்களுள் இதுவும் ஒன்றாகும்.